மாமாவுக்கு எத்தனை அடி?

தெருவில் கிட்டிப்புள் ஆடி வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒப்புக்குச் சப்பாணியைத் தெரியும். வீட்டில் தனியே விட முடியாத தம்பியோ தங்கையோ பின்னாலேயே வந்து, "நானும் ஆடுவேன்" என்று அழும். சேர்த்துக்கொள்வோம். அந்தக் குழந்தை அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயித்ததாகக் கணக்கில்லை. ஓடும், சிரிக்கும், ஆனால் ஆட்டத்தில் இருக்காது.

பெரியவர்களின் விளையாட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. சதுரங்கத்தில் நேற்றுக் கற்றவர் மாநில வீரரின் முன் உட்கார்ந்தால் இருபது நகர்த்தலில் எழ வேண்டியதுதான். டென்னிஸில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. கோல்ஃபில் மட்டும் நேற்றுக் கற்றவரும் பத்தாண்டு ஆடியவரும் ஒரே மாலையில் சரிக்குச் சரி மோதி, கடைசிக் குழி வரை யார் வெல்வார் என்று தெரியாமல் ஆடுகிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் புதிர்.

இதை ஒஸ்லோவில் வைத்துப் பார்ப்போம். நகரின் வடமேற்கு ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில் பூக்ஸ்தாட் என்ற ஏரி இருக்கிறது. அதன் கரையில் நோர்வேயின் மிகப் பழைய கோல்ஃப் கழகமான ஒஸ்லோ கோல்ஃப் கழகத்தின் திடல் இருக்கிறது. கழகம் 1924-இல் தொடங்கியது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிவிடும். வேலை முடித்து, சாப்பிட்டு, அதன்பிறகு போய்க்கூட ஆடலாம்.

இந்த நகரில் ஒரு மாமனையும் மருமகனையும் கற்பனை செய்துகொள்வோம். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக நகரின் கிழக்கே குடியிருப்பவர். ஐம்பது வயதுக்குப் பிறகுதான் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். மருமகன் இங்கேயே பிறந்தவன், பத்து வயதிலிருந்து ஆடுகிறான். 18 குழிகளை முடிக்க மருமகனுக்கு 80 அடியை ஒட்டி ஆகும். மாமாவுக்கு 110 ஆகும்.

"எத்தினை அடி தரவேணும் மாமா?"

"கணக்கு என்ன சொல்லுதோ அதைத் தா தம்பி."

அந்தக் கணக்கைத்தான் இனிப் போடப் போகிறோம்.

தொப்பிக்குள் கை

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஒரு திடலில் 18 குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க மேடை உண்டு, அதை டீ என்பார்கள். அங்கிருந்து அடித்து, பந்தைக் குழிக்குள் இட வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவர் வென்றவர். ஒவ்வொரு குழியையும் நன்றாக ஆடுபவர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஓர் எண் உண்டு, அது பார். மூன்று, நான்கு, ஐந்து என்று குழிக்குக் குழி மாறும். பெரிய திடல் ஒன்றில் மொத்தம் பெரும்பாலும் 72 வரும்.

நம் கணக்கின் பெயர் ஹேண்டிகேப். இந்தச் சொல்லுக்குச் சுவையான பிறப்பு. பழைய இங்கிலாந்தில் இருவர் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வார்கள். ஒருவரின் கடிகாரம், மற்றவரின் குதிரைச் சேணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒத்துவராதபோது நடுவர் ஒருவர், "சேணக்காரர் இவ்வளவு காசு கூடத் தர வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்வார். பந்தயக் காசு ஒரு தொப்பிக்குள் இருக்கும். இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு வெளியே எடுப்பார்கள். கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துச் சம்மதம் தெரியும். தொப்பிக்குள் கை என்ற ஆங்கிலத் தொடர் தேய்ந்துதான் ஹேண்டிகேப் ஆனது. லண்டன்காரரான சாமுவேல் பீப்ஸ் 1660-இலேயே தன் நாட்குறிப்பில் இந்த ஆட்டத்தைக் குறித்திருக்கிறார்.

அங்கிருந்து சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றி எல்லாக் குதிரைகளையும் ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகுதான் கோல்ஃபுக்கு வந்தது. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலின் நடுவிலேயே நெடுங்காலம் கோல்ஃப் ஆடினார்கள். வெளிவட்டத்தில் குதிரைக்கும் உள்வட்டத்தில் மனிதனுக்கும் ஒரே சொல்லால் இருவேறு கணக்கு நடந்த இடம் அது.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் நம் பேச்சிலேயே கிடக்கிறது. "அவனுக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை" என்கிறோம் அல்லவா? வலியவன் எளியவனுக்குத் தரும் அடிகளை ஈடு என்றே சொல்வோம். ஒருவரின் திறமையைச் சொல்லும் எண்ணை ஈட்டெண் என்போம். ஈட்டெண் சிறியதாக இருந்தால் ஆள் கெட்டிக்காரர். பூச்சியம் என்றால் தேர்ந்தவர். உச்ச வரம்பு 54.

பார் போதாது

ஈடு காண எளிய வழி ஒன்று உடனே தோன்றும். மாமா வழக்கமாக 110, பார் 72, ஆகவே அவர் ஈடு 38. மருமகன் 80, ஈடு 8. கழித்தால் 30. கணக்கு முடிந்தது என்று எழுந்துவிடலாம்.

இதில் ஓட்டை இருக்கிறது. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் மேட்டுநிலத்தில் ஏறி இறங்கும் திடலும், கிண்டியில் சமதரையில் கிடந்த திடலும் ஒன்றாகுமா? பார் என்பது பெரும்பாலும் நீளத்தை வைத்து இடும் எண். வழியில் இருக்கும் மரமும் குளமும் மணல் பள்ளமும் அதில் சரியாக ஏறுவதில்லை. சின்னத் திடலில் மட்டுமே ஆடுபவரின் ஈடு ஏமாற்றும் அளவுக்குச் சிறிதாகத் தெரியும். அவரே காட்டுக்குள் வெட்டிய நீளத் திடலுக்குப் போனால் திணறுவார்.

ஆகவே ஒவ்வொரு திடலையும் பயிற்சி பெற்ற குழு நேரில் நடந்து அளக்கிறது. நீளத்தை அளப்பதோடு நிற்பதில்லை. ஏற்ற இறக்கம், மரங்கள், மணல் பள்ளங்கள், தண்ணீர், உயர்ந்த புல், குழியைச் சுற்றிய புல்தளத்தின் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். பிறகு ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: ஈடு பூச்சியம் உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் நன்றாக ஆடும் நாளில் இங்கே எத்தனை அடியில் முடிப்பார்? அந்த விடைதான் திடல் மதிப்பு. அது 71.0 என்றோ 67.5 என்றோ புள்ளி வைத்து வரும்.

இத்தோடு நின்றிருந்தாலும் இது நல்ல கணக்குத்தான். ஆனால் இதற்குள் இன்னொரு புதிர் ஒளிந்திருந்தது. அதுதான் இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

குளம் யாருக்குக் குளம்?

தொடக்க மேடையிலிருந்து 175 மீட்டரில் தொடங்கி 200 மீட்டரில் முடியும் ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திடலை அளக்கும் குழுவுக்கு இரண்டு மாதிரி மனிதர்களைக் கொடுத்திருக்கிறார்கள். முதலாமவர் தேர்ந்தவர். ஆணாக இருந்தால் அவருடைய முதல் அடி 229 மீட்டர் போகும். இரண்டாமவர் இடைநிலை ஆட்டக்காரர், ஈடு 20-ஐ ஒட்டியவர். அவருடைய முதல் அடி 183 மீட்டர்.

தேர்ந்தவர் மேடையில் நின்று குளத்தைப் பார்த்தாரா என்பதுகூடச் சந்தேகம். பந்து குளத்துக்கு மேலே பறந்துபோய் அக்கரையில் விழுகிறது. அவரைப் பொறுத்தவரை அது குளமே இல்லை, காட்சி. இடைநிலைக்காரருக்கோ அவர் பந்து போய் விழும் இடமே நடுக்குளம். துணிந்து அடித்தால் பந்தும் போகும், தண்டனையாக ஓர் அடியும் கூடும். பயந்து குளத்துக்கு இப்பாலே நிறுத்தினால் அங்கேயும் ஓர் அடி கூடும்.

ஆகவே ஒரு திடல் "கடினமானது" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லை. யாருக்குக் கடினம் என்று கேட்க வேண்டும். சில திடல்களில் தடைகள் குறைவு. அவை எல்லோரையும் ஏறத்தாழ ஒரே அளவில் வாட்டும். சில திடல்கள் வல்லவனை விட்டுவிட்டு எளியவனை மட்டும் பிடித்து வதைக்கும். 1970-களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக இருந்த டீன் நூத், கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை மேற்படிப்புக் கல்லூரியில் படித்தபோது இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். 1980-களில் அவர் கண்ட தீர்வு அமெரிக்கத் திடல்களில் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு மாதிரி மனிதர்களும் ஒரே திடலில் எடுக்கும் அடிகளின் இடைவெளியை அளப்பதுதான் வழி. ஆண்களுக்கான கணக்கில் இடைவெளி ஏறத்தாழ 21 அடி என்றால் அது நடுத்தரமான திடல். அதற்கு 113 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். இடைவெளி 24 அடியை ஒட்டி விரிந்தால் எண் 130. பத்தொன்பதரைக்குச் சுருங்கினால் 105. தாளில் கோடு போட்டால் ஈடு கூடக்கூட அடிகள் ஏறும். எளியவனை வதைக்கும் திடலில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறும், மற்றதில் சாய்வாக ஏறும். கோட்டின் சரிவைச் சொல்லும் எண் என்பதால் இதைச் சரிவெண் என்போம். 55-க்குக் கீழே போகாது, 155-க்கு மேலே போகாது.

பெண்களுக்கு மாதிரி மனிதர்களும் வேறு. அடியின் தூரமும் வேறாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அத்தையும் மாமாவும் ஒரே மேடையிலிருந்து அடித்தாலும் அத்தைக்குத் தனித் திடல் மதிப்பும் தனிச் சரிவெண்ணும் உண்டு. திடல் ஒன்றுதான். ஆனால் அது இருவருக்கும் ஒரே திடல் அல்ல என்பதை எண்ணிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

109 பெரிதா, 98 பெரிதா?

இப்போது மாமாவின் அட்டைகளைக் கையில் எடுப்போம். கணக்கு விளங்குவதற்காக இரண்டு திடல்களின் எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பெரிய திடல்: பார் 72, திடல் மதிப்பு 71.0, சரிவெண் 130. சின்னத் திடல்: பார் 70, திடல் மதிப்பு 67.5, சரிவெண் 105.

மாமா பெரிய திடலில் 109 அடி எடுத்தார். இந்த 109-க்குப் பின்னால் ஒரு குளத்துக் கதை உண்டு, பிறகு அதற்கு வருகிறேன். தேர்ந்தவர் 71-இல் முடிக்கும் இடத்தில் மாமாவுக்கு 109. கூடுதல் 38.

ஆனால் இந்த 38 எளியவனை வதைக்கும் திடலில் கிடைத்த 38. அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒஸ்லோவில் சம்பாதித்த குரோனரை ஊருக்கு அனுப்பும்போது அந்த ஊர்க் காசாக மாற்றுகிறோம் அல்லவா? அதுபோல எல்லாத் திடல்களிலும் கிடைத்த கூடுதலை 113 என்ற பொதுக் காசுக்கு மாற்ற வேண்டும். 130 பங்கு என்று இருப்பதை 113 பங்காகச் சுருக்குகிறோம். 38-ஐ 113-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் 33.0. இதை அந்த ஆட்டத்தின் ஆட்டமதிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த வாரம் சின்னத் திடலில் 98 அடி. வீட்டுக்கு வந்ததும் "நூறுக்குள்ளே அடிச்சிட்டன்" என்று மாமா அத்தையிடம் சொல்லியிருப்பார். கணக்குப் போடுவோம். 98-இல் 67.5 போனால் 30.5. இங்கே சரிவெண் 105, ஆகவே இந்தமுறை சுருங்காது, விரியும். 113-ஆல் பெருக்கி 105-ஆல் வகுத்தால் 32.8.

109 அடி ஆட்டத்துக்கு 33.0. 98 அடி ஆட்டத்துக்கு 32.8. பதினோரு அடி வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளே பார்த்தால் ஒரே திறமையின் இரண்டு உருவம். இரண்டு நாளும் மாமா ஒரே மாதிரிதான் ஆடியிருக்கிறார்.

இருபதில் எட்டு

ஆட்டமதிப்புகள் சேரச்சேர, கடைசி 20 ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். புதிது ஒன்று வந்தால் மிகப் பழையது வெளியே போகும். அந்த இருபதிலும் எல்லாவற்றுக்கும் சராசரி காண்பதில்லை. மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுக்கிறார்கள்.

மாமாவின் சிறந்த எட்டு ஆட்டமதிப்புகள் 29.4, 30.1, 31.0, 31.6, 32.2, 32.8, 33.0, 33.5. மற்றப் பன்னிரண்டும் இவற்றைவிட மோசம், 44 வரை போயிருக்கிறது. எட்டையும் கூட்டினால் 253.6. எட்டால் வகுத்தால் 31.7. இதுதான் மாமாவின் ஈட்டெண்.

ஏன் எட்டு மட்டும்? இங்கேதான் பலர் ஈட்டெண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் வழக்கமாக எப்படி ஆடுகிறீர்கள் என்பதை அது சொல்லவில்லை. உங்களால் எவ்வளவு நன்றாக ஆட முடியும் என்பதைச் சொல்கிறது. மேலே உள்ள வரிசையைப் பாருங்கள். 31.7 அல்லது அதைவிடச் சிறப்பாக மாமா ஆடியது 20 தடவையில் நான்கே தடவை. ஐந்து நாள் ஆடினால் ஒரு நாள்தான் தன் ஈட்டெண்ணுக்கு ஏற்ப ஆடுவார். "இன்றைக்கும் என் எண்ணுக்கு ஆட முடியவில்லை" என்று முகம் வாடி வீட்டுக்குப் போகும் ஆட்டக்காரர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். ஐந்தில் நான்கு நாள் அப்படித்தான் இருக்கும்.

சிறந்த ஆட்டங்களை மட்டும் எடுப்பதில் இன்னொரு காவலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சராசரி கண்டால், வேண்டுமென்றே நாலு நாள் மோசமாக ஆடி ஈட்டெண்ணை ஊதிப் பெருக்கிக்கொண்டு, பரிசுப் போட்டியன்று உண்மைத் திறமையைக் காட்டிவிடலாம். சிறந்த எட்டை மட்டும் எடுக்கும்போது அந்தப் பொய் ஆட்டங்கள் கணக்கில் நுழைவதே கடினம்.

மாலை ஏழு மணி, பெரிய திடல்

மருமகனின் ஈட்டெண் 6.4 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பெரிய திடலுக்கு வந்துவிட்டார்கள். பொதுக் காசாக இருக்கும் ஈட்டெண்ணை இந்த ஊர்க் காசுக்குத் திரும்ப மாற்ற வேண்டும். முன்பு செய்ததைத் தலைகீழாகச் செய்தால் போதும்.

மாமாவின் 31.7-ஐ 130-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால் 36.5-ஐ ஒட்டி வரும். இந்தத் திடலில் திடல் மதிப்பு பாரைவிட 1 குறைவு, ஆகவே ஒன்றைக் கழிக்கிறோம். முழு எண்ணாக்கினால் 35. மருமகனுக்கு அதே வழியில் 7.4-ஐ ஒட்டி வந்து, ஒன்று போக 6. இப்படி ஒரு திடலில் ஒருவருக்குக் கிடைக்கும் அடிகளைத் திடல் ஈடு என்போம். நோர்வேயில் இதை ஒவ்வொருவரும் உட்கார்ந்து போடுவதில்லை. கழகத்துச் சுவரில் பட்டியல் இருக்கும், கைபேசியில் கோல்ஃப்பாக்ஸ் என்ற செயலி சொல்லிவிடும்.

35-இல் 6 போனால் 29. மருமகன் மாமாவுக்கு 29 அடி ஈடு தர வேண்டும்.

இருவரும் குழிக்குக் குழி மோதும் ஆட்டம் ஆடுகிறார்கள். யார் அதிகக் குழிகளை வெல்கிறாரோ அவர் வென்றவர். 29 அடியை எங்கே கொடுப்பது? அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் 1 முதல் 18 வரை ஒரு வரிசை எண் அச்சிட்டிருக்கும். ஈட்டடிகள் அந்த வரிசைப்படி போகும். முதலில் 18 குழிக்கும் ஒவ்வோர் அடி. மிச்சம் 11. அவை வரிசை எண் 1 முதல் 11 வரையுள்ள குழிகளுக்கு இன்னொன்றாகப் போகும்.

ஒரு குழியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வரிசை எண் 1, பார் 4. மருமகன் இரண்டே அடியில் பந்தைப் புல்தளத்தில் ஏற்றிவிட்டு, இரண்டு தட்டில் முடிக்கிறான். நான்கு. மாமாவின் முதல் பந்து மரத்தடியில் நிற்கிறது. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கிறார். மூன்றாவது நேராகப் போகிறது. நான்காவது புல்தளத்தின் ஓரத்தில் விழுகிறது. இரண்டு தட்டு. மொத்தம் ஆறு. இங்கே அவருக்கு இரண்டு ஈட்டடி, ஆகவே நான்கு. குழி சமன். மருமகன் ஒரு தட்டைத் தவறவிட்டிருந்தால் குழி மாமாவுக்கே போயிருக்கும்.

இதே இருவரும் அன்று சின்னத் திடலுக்குப் போயிருந்தால்? மாமாவின் 31.7 அங்கே சுருங்கி, திடல் மதிப்பு பாரைவிட இரண்டரை குறைவு என்பதால் அதையும் கழித்து, 27 ஆகும். மருமகனுக்கு 3. வித்தியாசம் 24. அதே மனிதர்கள், அதே வாரம், ஆனால் ஈடு 29-இலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது. சின்னத் திடலில் எளியவனை வதைக்கக் குளங்கள் குறைவு, ஆகவே அவனுக்குத் தேவையான ஈடும் குறைவு.

நூறு பேர் ஆடினால்

இருவர் மோதும்போது ஈடு முழுதாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் நூறு பேர் கூடி, மொத்த அடியை எண்ணும் போட்டியில் ஒவ்வொருவருக்கும் 95 விழுக்காடுதான் தருகிறார்கள். அந்த ஐந்தை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

மாமாவின் ஆட்டமதிப்புகள் 29-இலிருந்து 44 வரை சிதறிக் கிடந்ததைப் பார்த்தோம். மருமகனுடையவை 5-க்கும் 12-க்கும் இடையில் நெருங்கி நிற்கும். கற்றுக்கொண்டிருப்பவரின் ஆட்டம் ஐப்பசி மழை போல, ஒரு நாள் கொட்டும், ஒரு நாள் ஏமாற்றும். தேர்ந்தவரின் ஆட்டம் கிணற்று நீர் போல ஒரே மட்டத்தில் நிற்கும்.

இருவர் மட்டும் மோதினால் இந்தச் சிதறல் மருமகனுக்கே சாதகம். மாமாவின் சாதாரண நாள் அவருடைய எட்டுச் சிறந்த நாட்களிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது, மருமகனின் சாதாரண நாள் அவ்வளவு தள்ளி இல்லை. ஆனால் நூறு பேர் திரண்டால் நிலைமை தலைகீழ். அந்தக் கூட்டத்தில் ஐம்பது மாமாக்கள் இருந்தால், அவர்களில் யாரோ ஒருவருக்கு அன்று வாழ்நாளின் சிறந்த நாளாக அமைந்துவிடும். பரிசு அவருக்கே. ஒவ்வொரு வாரமும் வேறு மாமா, ஆனால் எப்போதும் ஒரு மாமா. அதைத் தடுக்கத்தான் 95. நம் பெரிய திடல் கணக்கில், முழு எண்ணாக்கும் முன்பே 95 விழுக்காடு எடுத்தால் மாமாவுக்கு 35 என்பது 34 ஆகிறது. மருமகனின் 6 அப்படியே நிற்கிறது. ஈடு பெரிதாக உள்ளவரிடமிருந்துதான் அடி போகிறது.

குளத்துக் கதையும் சில பூட்டுகளும்

109 என்ற எண்ணுக்குத் திரும்புவோம். அன்று மாமா உண்மையில் எடுத்தது 112 அடி. ஒரு பார் 4 குழியில் பந்து இரண்டு தடவை தண்ணீருக்குள் போனது, கடைசியில் 11 அடியில் முடித்தார். அந்த ஒரு குழி அவருடைய திறமையைச் சொல்லவில்லை, அந்த ஐந்து நிமிடத்துப் பதற்றத்தைத்தான் சொல்கிறது. ஆகவே ஈட்டெண் கணக்கில் எந்தக் குழிக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு: பார், அதோடு இரண்டு, அதோடு அந்தக் குழியில் அவருக்குரிய ஈட்டடிகள். மாமாவுக்கு அங்கே 4, 2, 2, ஆக மொத்தம் 8. மேலே போன மூன்று அடியும் விடப்பட்டன. 112 என்பது 109 ஆனது இப்படித்தான்.

வானிலையையும் கணக்கு கவனிக்கிறது. மழையும் காற்றும் அடித்த நாளில் எல்லோருடைய அடிகளும் கூடும். ஈட்டெண் 36-க்கு மிகாத எட்டுப் பேராவது அன்று அதே திடலில் ஆடியிருந்தால், அவர்கள் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு மோசமாக அல்லது சிறப்பாக ஆடினார்கள் என்று கணினி பார்க்கிறது. நாள் கடினமானது என்று தெரிந்தால் மூன்று அடி வரையிலும், எளிதானது என்றால் எதிர்ப்பக்கம் ஓர் அடியும் திருத்தம் வரும். மாமா 109 அடித்த நாளில் அந்தத் திருத்தம் 2 என்று வந்திருந்தால் அவருடைய 33.0 என்பது 31.3 ஆகியிருக்கும். மழை பெய்தது என்று மாமா யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களின் அட்டைகளே அதைச் சொல்லிவிடும்.

முழங்கால் வலியோடு ஒரு பருவம் முழுக்க மோசமாக ஆடினால்? கடந்த 365 நாட்களில் எட்டிய மிகச் சிறந்த ஈட்டெண்ணை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று வரை ஏறினால் தடையில்லை. அதற்கு மேல் ஏறுவதில் பாதிதான் ஏறும். ஐந்துக்கு மேல் ஏறவே ஏறாது. 31.7-இல் இருந்த மாமாவின் கணக்கு 37.7 என்று காட்டினாலும் அவருக்குக் கிடைப்பது 36.2. இறங்குவதற்கு அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. ஒரே நாளில் தன் எண்ணைவிட ஏழு குறைந்த ஆட்டமதிப்பைக் காட்டிவிட்டால் கணக்கு உடனே விழித்துக்கொண்டு, ஈட்டெண்ணை மேலும் ஒன்று குறைத்துவிடும்.

54-இல் தொடங்கி

நோர்வேயில் புதிதாக வருபவர் முதலில் 'கோல்ஃபுக்கான வழி' என்று பொருள்படும் தொடக்கப் பயிற்சியை முடிக்கிறார். முடித்ததும் அவருக்கு ஈட்டெண் 54 கிடைக்கிறது. பதினெட்டுக் குழிக்கும் மும்மூன்று அடி. அன்றிலிருந்து அவர் ஆட்டத்தில் முழு ஆள்.

மறுமுனையில் இருப்பவர்களின் எண் பூச்சியத்தையும் தாண்டிக் கீழே போகிறது. அதைக் கூட்டல் குறியிட்டு எழுதுவதால் பலர் குழம்புகிறார்கள். கூட்டல் 4 என்றால் அவர் அடிகளைப் பெறுவதில்லை, திடலுக்கே நான்கு அடி திருப்பித் தருகிறார். ஒஸ்லோவில் 1997-இல் பிறந்த விக்டர் ஹோவ்லான்ட் 2018-இல் அமெரிக்காவின் தொழில்முறை சாராதோருக்கான பட்டத்தை வென்ற முதல் நோர்வேக்காரர். 2023-இல் ஃபெடெக்ஸ் கோப்பையையும் வென்றார். அதே ஒஸ்லோவில் 1981-இல் பிறந்த சூசன் பெட்டர்சன் 2007-இலும் 2013-இலும் பெண்களுக்கான பெரும் பட்டங்களை வென்றவர். அந்த உயரத்தில் ஆடுபவர்களும் மாமாவும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

அந்த அளவுகோல் உலகுக்கெல்லாம் ஒன்றானது அண்மையில்தான். 2020-க்கு முன் உலகில் ஆறு முறைகள் நடந்தன. நோர்வேக்காரர் ஐரோப்பிய முறையில் எண் வைத்திருந்தார், லண்டன்காரருக்கு வேறு, அமெரிக்கருக்கு வேறு. ஒஸ்லோ மாமாவும் டொராண்டோவில் இருக்கும் அவர் தம்பியும் எண்களை ஒப்பிட்டால் அது வீண் வேலையாக இருந்தது. 2020-இல் உலக ஹேண்டிகேப் முறை வந்தது. இன்று ஒஸ்லோவில் 31.7 என்றால் டொராண்டோவிலும் அதே 31.7.

ஒஸ்லோவில் இலையுதிர்காலம் முடியும்போது திடல்கள் மூடிவிடும். பனி விழுந்ததும் ஊர்மக்கள் அந்தப் புல்வெளிகளில் பனிச்சறுக்கில் போவார்கள். வசந்தம் வரும் வரை ஈட்டெண்கள் அசையாமல் கிடக்கும். உங்களிடமும் பழைய அட்டை ஒன்று இருந்தால், அந்த இடைவெளியில் எடுத்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். இனி யாராவது வந்து 98 அடித்தேன் என்று சொன்னால், எந்தத் திடலில், எந்த மேடையிலிருந்து என்று கேட்க மறக்காதீர்கள்.